துடைக்காத கண்ணாடி

வெயில் ஏறுவதற்குள் துடைத்து முடித்தாக வேண்டும். சின்னவள் ஏணியில் நின்று, சோலார் பலகையில் வெயிலைக் குவிக்கும் வில்லைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துவந்தாள். கீழே ஏணியைப் பிடித்திருந்த பெரியவள் அவளுடைய ஓரகத்தி. அவர்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவரும் வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து, இரண்டு வீட்டு அடுப்பும் இந்தத் துணியால்தான் எரிந்தது.

"மூலைமுடுக்கு விடாம துடைடி. இன்னிக்குப் பரீட்சை நமக்குத்தான்."

போட்டி பக்கத்துப் பலகையோடு. அதன் கண்ணாடிகளில் ஏதோ புதுப் பூச்சு, தூசி ஒட்டாதாம். பொருத்திய நாளிலிருந்து யாரும் துடைத்ததில்லை. இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தைக் குவித்தால், துடைக்க ஆள் எதற்கு?

உச்சி வெயிலில், அளப்பதற்கு இன்ஜினியர் அம்மா வந்தாள்; பின்னாலேயே முதலாளியும் சூப்பர்வைசரும். பலகையின் பின்மூடியைத் திறந்து, வெளிச்சம் குவியும் இடத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் தகட்டை வைத்தாள். சின்னவளைப் பார்த்ததும் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

"வாங்க, நீங்களும் பாருங்க. மேல்பக்கம் மட்டுந்தானே பாத்திருக்கீங்க?"

சின்னவள் குனிந்தாள். வில்லையில் விழுந்த வெயில் முழுவதும் ஒரு கடுகளவாய்ச் சுருங்கி, நடுங்காமல் நின்றது. அண்ணாந்து பார்க்க முடியாத சூரியன், கூப்பிட்டதும் ஓடிவந்த பிள்ளை மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. இன்ஜினியர் அம்மா ஒரு சருகை அதில் காட்டினாள். காட்டியதுதான் தாமதம், புகைந்து கருகியது.

"அம்மாடி! இதுக்கா நான் இத்தனை நாளா துடைச்சேன்!"

அடுத்த பலகையிலும் அதே கடுகு, அதே கூர்மை.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்!" மீட்டரைப் பார்த்து இன்ஜினியர் அம்மா கத்தினாள். முதலாளியும் சூப்பர்வைசரும் கைதட்டினார்கள். சின்னவளும் தன்னை மறந்து தட்டினாள்.

பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கையை இறக்கினாள். "எதுக்குடி தட்டுற? போனது நம்ம பொழப்பு."

"தெரியுதுக்கா. நீயும் ஒரு தடவை பாரேன்."

கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் பெரியவள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவேயில்லை.

அதற்குள் முதலாளி கீழ்வரிசைப் புதுப் பூச்சுக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். ஆளாளுக்குத் தடவினார்கள். போட்டோவுக்கு நின்றபோதுதான் சூப்பர்வைசர் கவனித்தார்.

"பூரா கைரேகை! ஏம்மா, துணி இருக்கா? ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தள்ளி நில்லுங்க."

சின்னவள் துணியை நனைத்துப் பிழிந்து, முதலாளியின் விரல்கள் பதிந்த இடத்தைத் துடைத்தாள்.

"போதும், போதும். நிழல் விழுது பாருங்க."

இருவரும் விலகிப் போனார்கள். நிழலும் கூடவே போனது. போட்டோ எடுத்தார்கள்.