எடுத்துக்காட்டு மனைவி

எடின்பரோவில் அகராதி எழுதும் கால்லமுக்கு இந்த மாதம் ‘எஸ்-என்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் வந்திருந்தன. மேசையில் கிடந்த அச்சுப்படியைப் படித்த அவன் மனைவி எல்ஸ்பெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தும்மல், குறட்டை, நொறுக்குத்தீனி, வெடுக்கென்று பேசுவது என எல்லாச் சொற்களின் எடுத்துக்காட்டு வாக்கியத்திலும் ‘என் மனைவி’தான் இருந்தாள்.

“ஊர் உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?”

“நாள் பூரா தனியா உக்காந்து எழுதறேன். உதாரணத்துக்கு யாராவது வேணும்னு யோசிச்சாலே நீதான் வந்து நிக்கிறே.”

அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் பென்சிலை எடுத்து ஒரே ஓர் இடத்தில் ‘மனைவி’யை அடித்துவிட்டுக் ‘கணவன்’ என்று எழுதினாள்.

“மத்ததெல்லாம் நான்தான், ஒத்துக்கறேன். குறட்டை நீ.”