குழாயில் காற்று

மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கடைசி பேரிங்குக்குப் போகும் செம்புக் குழாயின் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது இளவேனிலின் செல்போன் அதிர்ந்தது. அம்மா. பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. செத்த வெரசா வாரியா?" என்றாள் லிடியா. குரலில் பதற்றமே இல்லை. அதுதான் இளவேனிலைப் பயமுறுத்தியது.

"வாரேம்மா."

அப்பா ஸ்டான்லிக்கு நுரையீரலில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலையில் மகள் வேலைக்குக் கிளம்பத் தயங்கி நின்றபோது, போ என்று தலையை மட்டும் அசைத்திருந்தார்.

ஃபோர்மேன் பழனிக்குமார் குனிந்து பார்த்தார். "கெளம்பும்மா, வீட்டப் பாரு. அந்த சுவிட்சு ஒயர மட்டும் நேரா சேத்து விட்டுட்டுப் போ. சாயந்தரம் வரைக்கும் சிவனம்மா கேன வச்சு ஊத்திக்கிரும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். தொட்டியிலிருந்து பம்ப் எண்ணெயை எடுத்து, வடிகட்டி வழியாகப் பெரிய குழாயில் தள்ளும். அங்கிருந்து ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒவ்வொரு செயினுக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அளந்து சொட்டுவிடும். குழாயில் அழுத்தம் ஏறாவிட்டால் அந்த சுவிட்ச் மெஷினையே நிறுத்திவிடும். ஒயரை நேராகச் சேர்த்துவிட்டால் எண்ணெய் போகாமலும் மெஷின் ஓடும். ஓடுகிற செயினுக்கு யாராவது கையால் ஊற்ற வேண்டும்.

அந்த மெஷினில் வேலை பார்க்கும் சிவனம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எண்ணெய்க் கேனோடு தயாராக நின்றாள்.

இப்படி ஒரு கேனோடுதான், இந்தக் குழாய்கள் எதுவும் இல்லாத வேறொரு மில்லில் ஸ்டான்லி வேலை பார்த்தார். நீட்டிய வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் செயின் எடுத்துக்கொண்டது. இளவேனில் அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கவில்லை.

"ஒயர்ல கை வைக்கக் கூடாதுண்ணே. கீறல் விட்ட பைப்ப மாத்திட்டேன். உள்ள காத்து நிக்குது, அத எடுத்துட்டா ஓட ஆரம்பிச்சிரும்."

"உங்கப்பாவ நெனச்சுப் பாரும்மா."

"அவர நெனச்சுத்தாண்ணே சொல்றேன்."

பம்பைக் கையால் ஓட்டச் சொல்லிவிட்டு, தளர்த்திய நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் நுரைத்து நுரைத்து வந்தது. அவசரப்பட்டு இறுக்கினால் மிச்சக் காற்று உள்ளேயே தங்கிவிடும். குமிழிகள் சிறுத்தன, பிறகு நின்றன. எண்ணெய் தெளிந்து ஒரு சொட்டாக அவள் விரலில் இறங்கியது. நட்டை இறுக்கினாள். அழுத்தம் காட்டும் முள் ஏறியது, சிவப்பு விளக்கு அணைந்தது.

"நீ போ தாயி. நான் பாத்துக்கிறேன்" என்று சிவனம்மாள் அவள் தோளில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டாள்.

நாகல் நகரில் கடைத்தெரு நெரிசலில் ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கை கழுவக் குழாயடிக்குத் திரும்பியவளை லிடியா தடுத்தாள். "பெறகு கழுவிக்கலாம். உள்ள வா."

கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்துக்கொண்டாள். எண்ணெய் வாடைக்கோ என்னவோ, கண் திறந்தார்.

"என்ன ரிப்பேரு?" மூச்சாகத்தான் வந்தது.

"பைப்பு கீறிருச்சுப்பா. காத்து வாங்கிருச்சு."

"எடுத்திட்டியா?"

"எடுத்துட்டேன்."

"பையப் பைய எடுக்கணும்."

"பையத்தாம்ப்பா எடுத்தேன்."

ஸ்டான்லியின் உதட்டோரம் அசைந்தது. மிச்சமிருந்த விரல்களால் அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஓடுகிற மெஷினை ஓடுகிறபடியே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். செயின் நனைந்துகொண்டது, பேரிங் சூடாகவில்லை, சிவனம்மாக்கா கேனைக் கீழே வைத்துவிட்டாள். லிடியா பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. தெருவில் உப்பு வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் குரல் தேய்ந்த பிறகும் இருவரும் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள். பிடி தளர்ந்ததை இளவேனில்தான் முதலில் உணர்ந்தாள்.

மறுநாள் சவப்பெட்டியோடு வெள்ளைக் கையுறைகள் வந்தன. அவருக்கு மாட்டிவிட்ட வலது உறையில் இரண்டு விரல்கள் தொங்கிப்போயின. பஞ்சு அடைத்துவிடலாம் என்று சித்தி புவனேஸ்வரி சொன்னாள்.

லிடியா அந்த உறையை மெல்லக் கழற்றினாள். "இந்தக் கையி இப்புடியே இருக்கட்டும்."

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கௌசல்யா சோறும் ரசமும் கத்திரிக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டு வாயாவது சாப்புடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாவும் மகளும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லிடியா ரசத்தை ஊற்றிச் சோற்றைக் குழையப் பிசைந்தாள். சிறு உருண்டையாக உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இன்னொன்றை உருட்டினாள். விரல் போன பிறகு ஸ்டான்லியால் சோற்றைச் சேர்த்து அள்ள முடிந்ததில்லை. ஸ்பூனில் சாப்பிடவும் பிடிக்காது. அவள் உருட்டி வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

தட்டோரம் நிறைந்த பிறகுதான் லிடியாவின் கை நின்றது. உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளவேனில் தன் தட்டை ஒதுக்கி வைத்தாள். நகர்ந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினாள்.