இடது தோள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மார்க்வான் டீஸ்லி கொலம்பஸின் அமெரிக்கக் கால்பந்து அணியில் கையெழுத்துப் போட்டான். ஒன்பது வருடத்தில் ஏழாவது அணி. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மில்வாக்கியோடு. மூன்று வாரத்துக்கு முன்பு வரை அவன் மில்வாக்கி ஆள். எதிரணி கழற்றிவிட்டவனை ஆட்டத்துக்கு முந்தின செவ்வாயன்று எடுத்து, அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் கறந்துகொண்டு திங்கட்கிழமை அனுப்பிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அவனையே இதற்குமுன் இரண்டு முறை இப்படி எடுத்திருக்கிறார்கள்.

உடை மாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"எத்தனை நாளைக்கு, பெரிசு?"

"ஆறு நாள்."

"பரவால்லியே. போன தடவை வந்தவன் அஞ்சே நாள்ல கிளம்பிட்டான்."

எதிரணியில் பந்து வைத்திருப்பவனைப் பாய்ந்து மறிக்கும் தடுப்பு வரிசைதான் மார்க்வானுடைய இடம். அதற்குக் கோச், ப்ரூயிட். அவர் மார்க்வானை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். திரையில் ஓடிய ஆட்டத்தை வயட் ஒலாண்டர் மேல் நிறுத்தினார். மில்வாக்கியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால், இடப்பக்கம் சுவர் மாதிரி நிற்பவன் வயட். ஞாயிற்றுக்கிழமை மார்க்வானுக்கு நேர் எதிரே நிற்கப்போகிறவனும் அவன்தான்.

"இவன் வீட்லதானே தங்கியிருந்த?"

"கீழ் ரூம்ல, கோச். நாலு மாசம்."

"அப்போ இவன் குறட்டைகூட உனக்குத் தெரியும். சொல்லு."

மார்க்வான் சொன்னான். ஒவ்வொரு முறையும் பந்து நகருமுன் வயட் குனிந்து ஒரு கையைத் தரையில் வைப்பான். பந்தை எறியப்போகிறார்கள் என்றால் விரல்நுனி மட்டும் புல்லில் படும். பந்தோடு ஓடப்போகிறார்கள் என்றால் மொத்த எடையும் கையில் இறங்கி விரல் கணு வெளுத்துவிடும். கோச் எழுதிக்கொண்டார்.

"வேற?"

"அவ்வளவுதான்."

"டீஸ்லி, உனக்கு முப்பத்திரண்டு வயசு. வருஷக் கடைசி வரைக்கும் எனக்கு இந்த வரிசையில ஒருத்தன் வேணும். அது நீயான்னு ஞாயித்துக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்."

இன்னொன்று இருந்தது. ஆகஸ்டில் வயட்டின் இடது தோள் மூட்டு நழுவியது. அணி மருத்துவரிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். தினமும் விடியற்காலை ஐந்தரைக்குக் கீழ் அறையில் மார்க்வான்தான் அந்தத் தோளுக்குக் கட்டுப் போடுவான். வயட், அவன் மனைவி கிறிஸ்டா, மார்க்வான். மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்.

விடுதி அறையில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுத்தான். எழுந்து போய் வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றிவந்தான், எட்டுச் சுற்று. மறுபடி படுத்தான். வியாழன் மாலை மிசிசிப்பியிலிருந்து மனைவி ஷீனா கூப்பிட்டாள்.

"பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அங்கயா இங்கயா? திங்கக்கிழமையாவது சொல்லுவியா?"

"சொல்றேன்."

"போன ஊர்லயும் இதையேதான் சொன்ன."

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வயட்டின் விரல்நுனி லேசாகப் புல்லில் பட்டது. எறியப்போகிறார்கள் என்று மார்க்வான் பாய்ந்தான். அவன் விட்டுப்போன இடைவெளியில் பந்தை வைத்திருந்தவன் ஓடினான். அடுத்த முறை கணு வெளுத்திருந்தது. மார்க்வான் ஊன்றி நின்றான். பந்து தலைக்குமேல் பறந்தது. வயட் சிரித்தான்.

"டேய் தடியா, நீ கையெழுத்துப் போட்ட அன்னிக்கே நான் விரலை மாத்திட்டேன். நாலு நாளா இதே பிராக்டீஸ்தான்."

இடைவேளையில் ப்ரூயிட் முகத்துக்கு நேரே வந்தார்.

"நீ சொன்னதை நம்பி என் பசங்க மூணு பேர் ஏமாந்தானுங்க. நீ யாருக்குடா வேலை பாக்குற?"

மூன்றாம் பகுதி முழுக்க அவனைக் களத்தில் இறக்கவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், கைக்கட்டைப் பிரித்துத் திரும்பச் சுற்றினான். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது அவனுக்குப் பதிலாக ஆடியவனுக்குத் தசை பிடித்துக்கொண்டது. கொலம்பஸ் மூன்று புள்ளி முன்னணி. இந்த ஒரு முறை மில்வாக்கியைத் தடுத்தால் போதும்.

"டீஸ்லி, போ!"

வயட் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து நிற்கும்போது இடது கட்டைவிரலைச் சட்டைக் கழுத்தில் மாட்டி, கையைத் தொங்கவிடாமல் வைத்திருந்தான். பார்ப்பவர்களுக்குக் களைப்பு. மார்க்வானுக்கு அது என்ன என்று தெரியும்.

அந்தத் தோள் பக்கம் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தான். அப்படித்தான் நினைத்திருந்தானா என்று பிறகு அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பந்து நகர்ந்தது. அவனுடைய வலது உள்ளங்கை வயட்டின் இடது அக்குளுக்குக் கீழே இறங்கி மேலே தூக்கியது. எதிரே இருந்த பலம் சட்டென்று இல்லாமல் போனது. இரண்டே எட்டு, குவார்ட்டர்பேக் அவனடியில் கிடந்தான். பந்து எங்கோ உருண்டது. அரங்கமே எழுந்து கத்தியது. கூட ஆடியவர்கள் அவன் தலைக்கவசத்தைக் குத்திக் குத்திக் கொண்டாடினார்கள். திரும்பிப் பார்த்தான். வயட் மண்டியிட்டு, இடது கையைக் குழந்தையைப் பிடிப்பது போல் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்து இரு அணிகளும் கைகுலுக்கியபோது வயட் இடது கையைத் துணிக்கட்டில் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு வந்தான்.

"முதல் தடவையே நீ அடிப்பேன்னு நெனச்சேன்," என்றான். "இவ்வளவு நேரம் எதுக்குக் காத்திருந்த?"

"அடிக்கக் கூடாதுன்னுதான்டா இருந்தேன்."

"அதை டாக்டர்கிட்ட வந்து சொல்லு. எங்க ஆளுங்க இப்ப மொத்தமும் கேக்கறாங்க, எப்பத்துலேர்ந்து வலின்னு." நகரப் போனவன் நின்றான். "உன் இடத்துல நானும் அடிச்சிருப்பேன். அதுக்காக நீ பண்ணது சரின்னு ஆயிடாது."

கோச் ஓடிவந்து மார்க்வானின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"வருஷக் கடைசி வரைக்கும் நீதான்! ஆமா, அந்தத் தோளை எப்படிடா கண்டுபிடிச்ச?"

"கை தானா போச்சு, கோச்."

ஷீனாவுக்குச் செய்தி அனுப்பினான்: ஸ்கூல் இங்கே. பதிலுக்கு அவள் மூன்று முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. குளிக்காமலேயே வெளியே வந்து வண்டிகளுக்கு நடுவே நடந்தான். சிவப்பு வண்டி வரை போய்த் திரும்பினான். கிறிஸ்டாவின் எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் துண்டித்தான். மறுபடி அழுத்தினான்.

"டிவியில பாத்தேன்," என்றாள் கிறிஸ்டா.

"எப்படி இருக்கான்?"

"ஆபரேஷன்னு சொல்றாங்க. இந்த வருஷம் அவனுக்கு முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சேதான் அடிச்சியா?"

அவன் நடை நின்றது. கோச்சிடம் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஆமா," என்றான்.

அவள் போனை வைக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவன் மறுபடி நடக்கத் தொடங்கினான்.