இரட்டையரைப் பிரித்த வரிசை

கோச் காலையிலிருந்தே வெள்ளைப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பலகை நிறைய வட்டமான காந்த வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் சட்டை எண். தேசிய இளையோர் ஐஸ் ஹாக்கி அணியின் முன்கள ஆட்டக்காரிகளை அன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். மும்மூன்று பேராக நான்கு வரிசைகள். ஒரு வரிசை மூச்சு வாங்க ஆடிவிட்டு வெளியே வந்ததும் அடுத்த வரிசை பனித்தளத்துக்குள் குதிக்கும். மூன்று வரிசைகள் ஒரு மாதிரி கூடி வந்துவிட்டன. முதல் வரிசைதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அண்ணன்.

கூடப்பிறந்த அண்ணனே அவளுக்கு உதவிப் பயிற்சியாளர். வீட்டில் அவர் பேச்சை இவள் கேட்பதில்லை; இங்கே இவள் பேச்சை அவர் கேட்டாக வேண்டும். இரண்டிலுமே அவருக்கு மனத்தாங்கல் உண்டு.

"இரட்டையர் ரெண்டு பேரையும் ரெண்டு பக்கமும் போடு. நடுவுல நெட்டை. அவ்வளவுதானே? எல்லாரும் அதைத்தான் எதிர்பார்க்கறாங்க."

எதிர்பார்த்தார்கள் என்பது உண்மைதான். இரட்டையரில் அக்கா இடது ஓரம், தங்கை வலது ஓரம்; நடுவில், உயரத்தால் 'நெட்டை' என்று பெயர் வாங்கிய பெண். இரட்டையரில் ஒருத்தி மட்டையை அசைக்கும் முன்பே மற்றவள், பக் என்கிற அந்த ரப்பர் வட்டு வந்து சேரும் இடத்தில் நிற்பாள். அவர்கள் படம் வராத விளையாட்டுப் பக்கமே இல்லை. போன குளிர்காலத்தில் அக்கா தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதி, தலையில் அடிபட்டுப் பல வாரம் படுத்துக் கிடந்தாள். முழுதாகக் குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகே இந்தத் தேர்வு முகாமுக்கு வந்திருந்தாள்.

"நேத்து நெட்டை வந்து அழாத குறை," என்றாள் கோச். "'பக்கே வரல கோச், நடுவுல கம்பம் நட்ட மாதிரி நிக்கறேன்'னா."

"பழகிடும்."

"பழகற விஷயம் இல்லண்ணா. இங்க வந்து பாரு."

மடிக்கணினியில் முந்தின நாள் ஆட்டம் ஓடியது. சுவரோரம் பாதை ஹோவென்று திறந்து கிடந்தபோதும் தங்கை அந்த வழியாக அக்காவுக்குப் பக்கை விடவில்லை. எதிராளிகளின் கூட்டத்துக்குள் புகுந்து, அக்கா திறந்த வெளிக்கு வரும்வரை காத்திருந்து கொடுத்தாள். அக்காவின் பக்கத்து மூலைக்குப் பக் உருண்டால், தளத்தையே குறுக்காகக் கடந்து தங்கைதான் பாய்ந்தாள்.

"அட, ஆமா," என்றார் அண்ணன் மெதுவாக.

பிற்பகல் பயிற்சியில் கோச் அக்காவை மட்டும் மூன்றாவது வரிசையில் இறக்கிப் பார்த்தாள். தங்கை பக்கத்தில் இல்லாதபோது விஷயம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மூலையை நோக்கி அக்கா நன்றாகத்தான் கிளம்புவாள். எதிராளியின் நிழல் விழுந்ததுமே கால்கள் செத்துவிடும். சுவரோரம் தயங்கி நிற்பவள் மேல்தான் அடி முழுதாக விழும்.

அறைக்குத் திரும்பியதும் அக்காவின் வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அவங்கப்பா வந்து குதிக்கப் போறாரு," என்றார் அண்ணன்.

"குதிக்கட்டும். பிள்ளை முழுசா வீடு போய்ச் சேரட்டும்."

ஸ்கேட்ஸ் சாணை பிடிக்கும் அறையில் ஆளில்லை. அக்காவை அங்கேதான் கூப்பிட்டுப் பேசினாள். ஈரக் கையுறைகளின் வாடை மூக்கைத் துளைத்தது. சுற்றி வளைத்தால் நாக்கு குழறிவிடும் என்று தெரிந்ததால் நேரடியாகவே சொன்னாள்.

"உன்னை எடுக்கலம்மா."

"அப்பாடா," என்றுவிட்டாள் அந்தப் பெண். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரல கோச்."

"பரவாயில்ல. மனசுல இருக்கறதைச் சொல்லு."

"மூலைக்குப் போறப்பல்லாம் கண்ணு மூடிக்குது. நானா மூடல, தானா மூடிக்குது. டாக்டர் தலை சரியாயிடுச்சுன்னாரு. தலை சரிதான். இந்தக் கண்ணு பேச்சைக் கேட்க மாட்டேங்குது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? நான் இல்லன்னா தங்கச்சி ஆட மாட்டா. அவ ஆட்டத்தை நானே கெடுத்த மாதிரி ஆயிடும்."

கோச் வெளியே போய், உடை மாற்றும் அறையிலிருந்து தங்கையைக் கையோடு கூட்டி வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்காவை எடுக்கலையா?"

"இல்லம்மா. அவளுக்கு..."

"தெரியும் கோச். முகாமுக்கு வந்த அன்னிக்கே தெரியும். கேட்டா மனசு ஒடஞ்சுடுவான்னுதான் ரெண்டு பேர் ஆட்டத்தையும் நானே ஆடிட்டு இருந்தேன். கால் ரெண்டும் கழண்டு போச்சு."

"லூசு!" என்று அக்கா எழுந்தாள். "தெரிஞ்சா சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"நீ மட்டும் சொன்னியா?"

"நான் உனக்காகத்தான்டி சொல்லல!"

"நானும் உனக்காகத்தான்டி!"

கோச்சை மறந்துவிட்டு இருவரும் கத்தினார்கள். கத்தல் பாதியிலேயே அழுகையாகி, அழுகை சிரிப்பாகி, கடைசியில் எது எதுவென்று தெரியாத ஒரு சத்தமாக ஆயிற்று. தலைமைப் பயிற்சியாளர் என்ற முறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோச் சாணை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேதி அறிந்து அப்பா வந்து சேர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், கருவிப் பை தோளில் தொங்க, நடைவழியிலேயே கோச்சை மடக்கினார்.

"என்ன மேடம் இது? பொறந்ததுலருந்து ஒண்ணாவே ஆடற பிள்ளைங்க. பிரிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

கோச் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் அக்கா குறுக்கே வந்தாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. ரொம்ப நாளாவே பயமா இருக்கு."

அவர் மகளைப் பார்த்தார். தோள் பை கீழே இறங்கியது. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"அடி பட்டதுக்கப்புறம் உன் மேட்ச் ஒண்ணுகூட நான் உக்காந்து பார்க்கலம்மா," என்றார். "வெளியில நிப்பேன். உள்ளேருந்து வர்றவங்ககிட்ட ஸ்கோரைக் கேட்டுட்டு வந்து பார்த்த மாதிரி பேசுவேன். நீ ஆசையா ஆடறியேன்னு வாயைத் திறக்கல."

பிறகு கோச்சிடம், "சத்தம் போட்டுட்டேன் மேடம்," என்றார் தலையைச் சொறிந்தபடி.

"பரவாயில்ல சார். எங்கண்ணன் இதைவிட ஜாஸ்தி போடுவாரு."

இனி இடது ஓரத்துக்கு ஆள் வேண்டும். கோச் 'பல்லி'யைப் போட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தோழிகள் வைத்த பெயர் அது. எத்தனை பேர் நெருக்கினாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கைப் பிடுங்கி வந்துவிடுவாள். கோல் போடுவதில் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. கடைசி வரிசையிலாவது இடம் கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள், முதல் வரிசை என்றதும், "என்னையா? கூப்பிட்டது என்னையா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் வெளிநாட்டு அணியோடு நட்பு ஆட்டம். முதல் பகுதி கண்றாவியாக இருந்தது. வலது ஓரத்திலிருந்து தங்கை வழக்கம்போல் பார்க்காமலே இடப்பக்கம் பக்கைத் தள்ளினாள். அக்கா நிற்க வேண்டிய இடத்தில் யாருமில்லை. ஒருமுறை எதிரணி பக்கை அள்ளிக்கொண்டு போய் கோலாகவே போட்டது.

"நான் அப்பவே நினைச்சேன்," என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"நினைச்சதை உள்ளேயே வெச்சுக்கோ."

இடைவேளையில் கோச் தங்கையின் எதிரே குனிந்து உட்கார்ந்தாள். "உன் மேல தப்பில்ல. கை பழைய இடத்தையே தேடுது. இப்ப நீ இடது பக்கம் போ. பல்லி வலது பக்கம் வரட்டும்."

"இடதா? அங்க நான் ஆடினதே இல்லையே கோச்!"

"அதனாலதான். தெரியாத இடத்துல பார்த்துதானே ஆகணும்?"

இரண்டாம் பகுதியில் தங்கை முதலில் திணறினாள். பிறகு தலையை நிமிர்த்த ஆரம்பித்தாள். பல்லி மூலையில் இரண்டு பேரோடு மல்லுக்கட்டிப் பக்கைப் பிடுங்கி நெட்டைக்குத் தள்ளினாள். நெட்டை கோலை நோக்கி அடிப்பதுபோல் மட்டையை ஓங்கிவிட்டு, பக்கை இடப்பக்கம் நழுவவிட்டாள். தங்கை நிதானமாகப் பார்த்து, எதிரணி கோல்கீப்பரின் தோளுக்கு மேலாக வலைக்குள் ஏற்றினாள்.

கூரை அதிர்ந்தது. காலரியின் முன்வரிசையில் அப்பா உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து நின்றார். அவர் பக்கத்தில் அக்கா கண்ணாடித் தடுப்பைக் கையால் தட்டித் தட்டி என்னவோ கத்தினாள். என் இடத்தில் உனக்கு என்னடி வேலை என்று அவள் கை கேட்டது. தங்கை மட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

கடைசிப் பகுதியில் நெட்டையும் ஒரு கோல் அடித்தாள். ஜெயித்தாயிற்று.

பெண்கள் கூச்சலோடு உள்ளே போன பிறகு கோச் காலியான பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். சும்மாவே சிரிப்பு வந்தது. அண்ணன் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"எல்லாம் சரி. நாலாவது வரிசையில மட்டும் எனக்கு ஒரு சின்ன சந்தேகம்..."

"அண்ணா," என்றாள் கோச், "பேசாம அந்த ரொட்டியைக் குடு."