காயல் தண்ணீரில் மிதித்த களி

பண்ணைக் காரியஸ்தர் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, மண்வெட்டி பிடித்த கொப்புளம் புதிதாக உண்டா என்று ஒவ்வொருவர் உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணக்குடிக் காயலின் உப்பு வயலுக்குள் ஏறாமலிருக்க அந்தக் கோடையில்தான் களிமண் கரை போட்டிருந்தார்கள். ஐப்பசியின் முதல் மழைக்கே பத்து முழம் சரிந்து, பயிர் அத்தனையும் போயிற்று. எவனோ வெட்டிவிட்டான் என்றார் மேஸ்திரி முத்துநாயகம். கரைக்குக் காவல் இருந்தவன் சிலுவைமுத்து. உடைப்பில் மீன் பிடிக்க அவனே வெட்டியிருப்பான் என்று பேச்சாகி, போலீசுக்கும் ஆள் போயிருந்தது.

அவன் அக்கா தங்கபாய், கரை வேலைக்குத் தண்ணீர் சுமந்தவள். அவளுக்கும் தம்பி மேல் சந்தேகம் இல்லாமலில்லை. போன வாரம்தான் புது வலை வாங்கியிருந்தான். யாரைத்தான் நம்புவது? சரிவில் இறங்கிப் பார்த்தாள். வெட்டுத் தடமே இல்லை. களி கூழாகி வழிந்திருந்தது. உள்ளிருந்து ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

அது அவள் சுமந்த தண்ணீரின் உப்பு. கிணறு அரை மைல் தூரம். "காயல்ல கோருட்டி, கிட்டத்தானே கெடக்கு" என்று சொன்னவர் மேஸ்திரிதான். அந்தத் தண்ணீரில் மிதித்த களி காலில் ஒட்டவில்லை, ஊதவில்லை, காய்ந்து வெடிக்கவுமில்லை. நல்ல மண் என்று எல்லோருக்கும் சந்தோஷம், அவளுக்கும்தான்.

மழைத் தண்ணீர் பிடித்த இரண்டு சட்டிகளைக் காரியஸ்தர் முன்னால் வைத்தாள். கிணற்றுத் தண்ணீரில் மிதித்துப் போட்ட வாய்க்கால் வரப்பிலிருந்து ஓர் உருண்டை, உடைந்த கரையிலிருந்து ஓர் உருண்டை, சட்டிக்கு ஒன்றாகப் போட்டாள். முதலாவது சற்றே ஊதி அப்படியே கிடந்தது. மற்றது பிரிந்து கரைந்து சட்டியே கலங்கிவிட்டது.

"உப்பு இருந்த மட்டும் களி கெட்டியா கெடந்திச்சு எசமான். மழை உப்பக் கழுவிடிச்சு, களி கரைஞ்சு போச்சு. யாரும் வெட்டல்ல."

காரியஸ்தர் நிமிர்ந்தார். "உப்புத் தண்ணி சுமந்தது யாரு?"

சிலுவைமுத்து அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவள் பக்கம் கையை நீட்டினான்.

மேஸ்திரி சொல்லித்தான் கோரினேன் என்றாள் தங்கபாய். "நான் கெணத்துலதான் கோரச் சொன்னேன். நடக்க மடிச்சுக் காயல்ல கோரியிருக்கா, சோம்பேறி" என்றார் மேஸ்திரி, நிதானமாக.

விளிம்பில் உப்புப் பூத்திருந்த அவள் குடத்தைப் போலீசார் வந்து சாட்சிக்கென்று வண்டியில் ஏற்றினார்கள். அவளையும் ஏறச் சொன்னார்கள். வண்டி கரையோரம் திரும்பியபோது, உடைப்பை அடைக்கப் புதிதாகக் களி கொட்டியிருந்தது. மேஸ்திரி வேறொரு குடத்தை வேலையாட்களில் ஒருத்தியான சகாயசெல்வியிடம் கொடுத்துக் காயல் பக்கம் தாடையை அசைத்தார். அவள் தண்ணீருக்குள் இறங்கினாள்.