தண்டர் பிரதர்ஸின் மூன்றாவது கச்சேரி

தமிழ்நாட்டின் இசை வரலாற்றை எழுதத் துணிந்திருக்கும் பெரியோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: 1978ஆம் ஆண்டு தை மாதம், உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில், ஒரு பம்புசெட் கொட்டகையில், 'தண்டர் பிரதர்ஸ்' என்னும் ராக் இசை இரட்டையர் குழு உதயமாயிற்று. உலகம் அப்போது நெல் அறுத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

இரட்டையரில் முதல்வர் தாமோதரன். கொட்டகையும் அதைச் சுற்றியிருந்த நிலமும் அவனுடைய அப்பா சடையப்பனுடையவை. காஞ்சிபுரத்தில் பி.ஏ. படித்து, இரண்டு பேப்பரைப் பாக்கி வைத்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் வாங்கிய கிதாரும் தோள்வரை முடியுமாக ஊர் திரும்பியவன். கிதாரில் மூன்று 'கார்ட்' பிடிக்கத் தெரியும். மூன்றே போதும் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தான்.

இரண்டாமவன் ஐசக். காலனிப் பையன், சர்ச் பேண்டில் டிரம் அடிப்பவன். அந்த டிரம்மோடு ஒரு டால்டா டின்னையும் எவர்சில்வர் மூடியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவன் அடித்தால், மோட்டார் ஓடுகிற சத்தம்கூடத் தாளத்துக்குள் வந்துவிடும். குழுவின் இசை முழுவதும் அவன் கையில் இருந்தது. கொள்கை முழுவதும் தாமோதரன் வாயில் இருந்தது.

ஐசக் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் அவன் வீட்டு ஆள் பறை அடிக்கப் போக வேண்டும். அது அப்பாவோடு முடியட்டும் என்று, அப்பாவைப் புதைத்த அன்றே முடிவு செய்திருந்தான். பாதிரியாரும் போகக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் பாதிரியார் இங்கே அறுப்புக் கூலிக்குப் போகிறவர் அல்ல. பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன் பக்கத்தில் நின்றால் ஊர் சும்மா இருக்கும் என்று ஐசக் நம்பினான்.

தாமோதரன் தாராளமாக வாக்குக் கொடுத்தான். நீ ஆர்ட்டிஸ்ட், இனி எந்தச் சாவுக்கும் உன்னைக் கூப்பிட விடமாட்டேன் என்றான். அதோடு நிற்காமல், சமத்துவம் கருதி, தன்னை 'டா' போட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவும் போட்டான். ஐசக்குக்கு அது வாயில் வர ஒரு மாதம் ஆயிற்று. கொட்டகைக்கு வெளியே வரவே இல்லை.

முதல் கச்சேரி மானாம்பதியில் ஒரு கல்யாணத்தில், நாயனக்காரர்கள் நாஷ்டா சாப்பிடப் போன இடைவேளையில் நடந்தது. மாப்பிள்ளையின் மாமா ஃபியூஸைப் பிடுங்கினார். இரண்டாவது, உத்திரமேரூரில் ஒரு வாலிபர் மன்ற ஆண்டுவிழா. ஐசக் தனியாக அடித்தபோது கைதட்டல் நிற்கவில்லை. தாமோதரன் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.

சித்திரையில் ஒரு காலை தாமோதரனின் பெரியப்பா வீராசாமி செத்துப்போனார். காலனியில் மற்ற பறைக்காரர்கள் செங்கல் சூளைக்குப் போயிருந்தார்கள். இருந்தவன் ஐசக் மட்டும். வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். பந்தலில் இருந்த பங்காளிகள் சடையப்பனைப் பார்த்தார்கள். சடையப்பன் மகனைப் பார்த்தார்.

"உன் தோஸ்து தானே. நீயே போய் இட்டுக்கினு வா. வரலன்னா அவுங்க ஆத்தாளுக்கு நம்ம நெலத்துல இனிமே வேல கெடையாதுன்னு சொல்லிடு."

முடியாது என்று சொல்லத்தான் தாமோதரன் வாயைத் திறந்தான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் எங்கே என்று கேட்டான்.

காலனி போய்ச் சேர்வதற்குள் கொள்கை தயாராகிவிட்டது. அமெரிக்காவில் ராக் இசையே அடிமைகளின் அழுகையிலிருந்து பிறந்ததாம். ஐசக்குக்கும், வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா ஜெயம்மாளுக்கும் அதை விளக்கமாகச் சொன்னான்.

"இத்த சாவுன்னு நெனைக்காதடா. நம்ம மூணாவது ப்ரோகிராமுன்னு வெச்சிக்கோ."

ஐசக் கேட்டான். "அப்ப நீயும் கிதார் எடுத்துக்கினு வர்றியா?"

"நான் எப்பிடிடா? நான் பங்காளியாச்சே. அவுங்க கூட நிக்கணும்."

ஜெயம்மாள் முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். "ப்ரோகிராமுன்னா சேரு போடுவாங்களா, சின்ன நைனா?"

நிலத்து வேலை விஷயத்தை அப்போதுதான் எடுத்தான். இது தன் அபிப்பிராயம் இல்லை, அப்பாவுடையது என்பதையும் தெளிவுபடுத்தினான். ஐசக் உள்ளே போய் அப்பாவின் பறையை எடுத்து வந்தான்.

பாடைக்கு முன்னால் ஐசக் ஒற்றை ஆளாகச் சுடுகாடுவரை அடித்துக்கொண்டு போனான். தாமோதரன் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நடந்தான். பெரியப்பா மேல் இவ்வளவு பாசமா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நடுவழியில் ஒரு மாமா அவன் தோளைத் தட்டி, உங்க கம்பெனிப் பையன் ஷோக்கா அடிக்கிறான் என்று பாராட்டினார்.

சுடுகாட்டில் பறை அடித்தவனுக்கு ஒரு புதுத் துண்டு தருவது அங்கே வழக்கம். கையில் கொடுப்பதில்லை. தரையில் போடுவார்கள், அவன் குனிந்து எடுத்துக்கொள்வான். சடையப்பன் துண்டை மகனிடம் நீட்டினார்.

தாமோதரன் துண்டோடு ஐசக் எதிரில் போய் நின்றான். தோளில் போர்த்திவிடலாம். கையை நீட்டினால் முடிகிற காரியம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பங்காளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் துண்டின் கரையைத் தடவிக்கொண்டே நின்றான்.

ஐசக்குக்கே பாவமாகப் போய்விட்டது போலிருக்கிறது. யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"கீழ வெச்சிடுங்க."

தாமோதரன் உடனே வைத்துவிட்டான். அந்த நேரத்தில் அவனுக்கு ஏற்பட்டது நிம்மதிதான். வெட்கம் ஏரியில் தலை முழுகும்போது வந்தது. வந்தது போகவில்லை. கிதாரைப் பரணில் ஏற்றினான், முடியை வெட்டிக்கொண்டான், பாக்கியிருந்த பேப்பர்களையும் எழுதினான்.

பிற்பாடு செங்கல்பட்டில் உத்தியோகம் கிடைத்து, ஆபீஸில் டீ வருகிற நேரங்களில் அவன் தண்டர் பிரதர்ஸ் கதையைச் சொல்வதுண்டு. எங்களை ஊர் பிரித்துவிட்டது, சாதி பிரித்துவிட்டது, அந்தச் சாவுக்கப்புறம் ஐசக் கொட்டகைப் பக்கம் வரவே இல்லை என்று முடிப்பான். அந்த இடம் வரும்போது மட்டும் கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்ப்பான்.

தாமோதரன் கூப்பிடவே இல்லை.