பன்னிரண்டு மேசை, ஒரே எண்

“நீ யாருன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உக்காரேன், அதுல என்ன கஷ்டம்?” என்று ஒரு வாத்தியார் ரன்வாவிடம் கேட்டார். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. எழுந்து நின்றவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பு சிரித்தது. மறுவருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தீவின் மீன் ஆலையில் கத்தி பிடித்தாள்.

இப்போது இருபத்தாறு. ஆலையின் பன்னிரண்டு எடைமேசைகளிலும் இருக்கும் கணினிகள் அவள் பொறுப்பு. யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. ஒருநாள் ஒன்று படுத்துக்கொண்டபோது கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி எழுப்பினாள். அன்றிலிருந்து எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். கறுப்புத் திரை அவளை எழுந்து நிற்கச் சொல்லாது. தட்டினால் பதில் சொல்லும், தட்டாவிட்டால் பேசாமல் காத்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை காலை அந்தப் பொறுப்பே கழுத்தைப் பிடித்திருந்தது. நன்றாக ஓடிய ஒரு கணினியின் வன்வட்டை அப்படியே நகலெடுத்து, திங்களன்று மற்ற பதினொன்றிலும் அவள்தான் போட்டாள். அதிலிருந்து வலையமைப்பில் ஒரு மேசை எழுந்தால் இன்னொன்று விழுந்தது. பன்னிரண்டு மணிக்குக் காட் மீனோடு படகு வருகிறது. எடைபோட வழியில்லை என்றால் அது அடுத்த துறைக்குத் திரும்பிவிடும். நாற்பது பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டும்.

தலைநகர் தோர்ஷாவ்னிலிருந்து ஹானுஸ் என்ற நிபுணர் வந்திருந்தார். ஒரு மணி நேரம் வயரை இழுத்துப் பார்த்தார், பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார்.

“வயர்ல குத்தமில்ல. பேரும் தனித்தனியாத்தான் இருக்கு. பெட்டிங்க செத்துப்போச்சு. பன்னெண்டையும் தூக்கிப் போடுங்க.”

“புதுசு எப்ப வரும்?” என்று கேட்டார் மேற்பார்வையாளர் யாஸ்பர்.

“மூணு வாரம்.”

“மீன்கிட்ட சொல்லி வைக்கிறேன், மூணு வாரம் கழிச்சுச் செத்துக்கன்னு,” என்றாள் மால்ஃப்ரி, கத்தியைத் தீட்டிக்கொண்டே. அவளோடு பத்து வருஷமாக ஒரே மேசையில் நிற்கும் ரன்வாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

ஆனால் ‘பேர்’ என்ற சொல் அவளைக் குடைந்தது. அந்த ஊரில் யோக்வான் என்ற பேரில் நாலு பேர் உண்டு. வீட்டுப் பேரைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. அதே வழக்கத்தில் பன்னிரண்டு கணினிக்கும் ஊரின் பழைய துடுப்புப் படகுகளின் பேரை வைத்து, பெட்டியில் பெயின்டாலும் எழுதியிருந்தார்கள். பேர் வைத்தாயிற்று, இனி ஆள் வேறு என்று அவளும் நம்பிவிட்டாள்.

முதல் மேசைக்குப் போய் ஒரு வரி தட்டினாள். கணினியின் அடையாள எண் வந்தது: எழுத்தும் இலக்கமுமாக முப்பத்திரண்டு. இரண்டாம் மேசைக்கு ஓடினாள். அதே எண். மூன்றாவதிலும் அதேதான். வன்வட்டோடு சேர்ந்து அந்த எண்ணும் நகலாகியிருந்தது. வலையமைப்பு முகவரி கொடுப்பதோ பெட்டியின் பேரைப் பார்த்தல்ல, இந்த எண்ணைப் பார்த்து. பன்னிரண்டு பேருக்கும் ஒரே வீட்டு முகவரி! அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

எண் இருந்த கோப்பைக் காலி செய்தாள். புது எண் உண்டாக்கச் சொன்னாள். அணைத்துப் போட்டாள். திரும்பவும் பழைய எண்ணே வந்து நின்றது.

“நாந்தான் சொன்னேனே, பொண்ணே. பொணத்துக்கு வைத்தியம் பாக்குற,” என்றார் ஹானுஸ்.

அவள் காது சிவந்தது. நாற்பது ஜோடிக் கண்கள். பதினாலு வயதில் நின்ற அதே நிலைதான். ஆனால் விரல்கள் நிற்கவில்லை. கையேட்டில் எப்போதோ படித்த ஒரு வரி நினைவுக்கு வந்தது: புதிதாக உண்டாக்கும் முன், வேறிடத்தில் பழைய பிரதி இருக்கிறதா என்று கணினி பார்க்கும், இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். தேடினாள். இன்னொரு கோப்புறையின் மூலையில் பழைய எண் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதையும் அழித்தாள். மறுபடி உண்டாக்கினாள், அணைத்துப் போட்டாள்.

வேறு எண்.

“யாஸ்பர், பெட்டிய வை!” என்று கத்தினாள் மால்ஃப்ரி. யாஸ்பர் மீன்பெட்டியைத் தட்டில் வைத்தார். எடை வலையமைப்பு வழியே கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. ரன்வா அடுத்த மேசைக்கு நகர்ந்தாள், அதற்கடுத்ததற்கும். பதினொன்றே முக்காலுக்குப் பன்னிரண்டும் எழுந்துவிட்டன, ஒன்றும் விழவில்லை. யாஸ்பர் படகுக்குப் போன் போட்டு, “உள்ள வாடா, ராஜா!” என்றார்.

“என்னடி பண்ணுன?” என்றாள் மால்ஃப்ரி.

ரன்வா எழுந்து நின்றாள். “தப்பு என்னோடதுதான். நகல் எடுத்தது நான். எண்ணை மாத்தாம விட்டேன். அது ரெண்டு இடத்துல இருந்துச்சு, ரெண்டையும் அழிச்சேன். இனிமே அதை அழிச்சிட்டு எவ்வளவு நகல் வேணாலும் எடுப்பேன், ஒண்ணும் அடிச்சுக்காது.”

இத்தனை வார்த்தைகளை அவள் ஒருசேரப் பேசி யாரும் கேட்டதில்லை. யாரோ கத்திப்பிடியால் மேசையைத் தட்டினார்கள். பிறகு எல்லா மேசையும் அதிர்ந்தது. ரன்வா தலையைக் குனியவில்லை.

ஹானுஸ் பன்னிரண்டாவது திரையின் முன் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, அவள் தட்டிய வரிகளை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டார். பழைய எண் ஒளிந்திருந்த இரண்டாவது இடத்தின் பேருக்குக் கீழே கோடு போட்டார். நோட்டை மூடி, கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.